பனி விலகும்வரை

மார்கழி முடிந்து தை பிறக்கும் நாள்களில், தொலைவூர்களில் பணிபுரிவோரும் பயில்வோரும் சொந்த ஊருக்குத் திரும்புவர். பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வாளையாறு முதலிய ஊர்களிலும், இடுக்கி மலைகளிலுள்ள மூணாறு, மறையூர், குமுளி முதலிய ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தில்லியிலிருந்தோ வடமாநிலப் படைமுகாமிலிருந்தோ வரவேண்டிய ஒருவருக்காக அவ்வீடுகள் காத்திருக்கும். அவ்வேளையில், 'பனிமூட்டத்தால் விமானம் தாமதம்' என்னும் செய்தி வந்து சேர்கிறது. நம் வாசலிலோ வெயில் பளிச்சென அடிக்கிறது. எங்கோ படர்ந்த பனி நம் வீட்டு விருந்தை எவ்வாறு தடுக்கிறது? இப்பாடத்தில் அதனைக் காண்போம்.

பனிமூட்டம் தோன்றும் விதம்

பகலில் வெயிலால் சூடேறிய நிலம், இரவில் அவ்வெப்பத்தை வான்வெளிக்கு இழக்கிறது. மேகமற்ற வானமும் நீண்ட இரவும் அமைந்தால் நிலம் மிகுதியாகக் குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் உடன் குளிர்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் குளிர்ந்ததும், காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறி மிதக்கிறது. இதுவே பனிமூட்டம். இதனால் 1,000 மீட்டருக்கு அப்பாலுள்ளவை கண்ணுக்குப் புலப்படாதபோது அதனைப் பனிமூட்டம் என வானிலை அறிஞர் வரையறுப்பர். பார்வைத்தொலைவு 200 மீட்டருக்குக் கீழே சென்றால் அது அடர்பனிமூட்டம் ஆகும்.

கங்கைச் சமவெளியில் பாசன வயல்களின் ஈரம் உண்டு; காற்றில் புகையும் தூசும் உண்டு. நீராவி படிவதற்கு அத்துகள்கள் இடந்தருகின்றன. காற்றும் அசைவின்றி நிற்பதால், திசம்பர், சனவரி மாதங்களில் தில்லியை அடர்பனி சூழ்கிறது. இதனை ஆராய்வதற்காகப் புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், 2015ஆம் ஆண்டு முதல் தில்லி விமான நிலையத்தில் தனி ஆய்வு நடத்தி வருகிறது.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் இதே மாதங்களில் கிழக்குக் காற்று வலுவாக வீசுகிறது. அது மேற்காற்றையும் கீழ்க்காற்றையும் கலந்துவிடுவதால் அங்குப் பனிமூட்டம் நிலைப்பதில்லை. மூணாற்றிலோ, காற்று அடங்கிய தெளிந்த இரவுகளில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, புல்நுனிகளில் உறைபனி வெண்மையாகப் படர்கிறது. மூணாற்றின் உறைபனிக்கும் தில்லியின் பனிமூட்டத்துக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே: நிலம் தன் வெப்பத்தை இழப்பது.

பார்வைத்தொலைவும் ஓடுபாதையும்

விமானங்கள் தரையிறங்குவதற்கு ஐ.எல்.எஸ். என்னும் வானொலி வழிகாட்டி அமைப்பு உதவுகிறது. அதன் ஓர் அலைக்கற்றை ஓடுபாதையின் திசையைக் காட்டும். மற்றொன்று இறங்க வேண்டிய சரிவைக் காட்டும். அதன் முதல் வகையைக் கொண்டு இறங்க, ஓடுபாதையில் ஏறத்தாழ 550 மீட்டர் தொலைவு தெரிய வேண்டும். தில்லியிலுள்ள உயர்வகை அமைப்பில் 50 மீட்டர் தெரிந்தாலும் இறங்க இயலும். ஆயினும் ஓடுபாதை, விமானம், விமானி ஆகிய மூன்றும் அதற்குத் தகுதி பெற்றிருத்தல் வேண்டும். புறப்படுவதற்கோ பொதுவாக 125 மீட்டரளவு தெரிய வேண்டும். எனவே, இறங்கிய விமானமும் புறப்பட முடியாமல் நிற்கும் நிலை ஏற்படலாம். மேலும், பனிவேளையில் விமானங்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவதால், ஒரு மணி நேரத்தில் இயங்கும் விமானங்களின் எண்ணிக்கை குறைகிறது.

ஒரே விமானம் ஒரு நாளில் பல நகரங்களுக்குப் பறக்கிறது. காலை 6 மணிக்குத் தில்லியிலிருந்து கிளம்பிக் கோயம்புத்தூர் வந்து, மீண்டும் வேறோர் ஊருக்குச் செல்லும் விமானம் ஒன்று உள்ளதெனக் கொள்வோம். அது 4 மணி நேரம் தாமதித்தால், கோயம்புத்தூரில் வானம் தெளிந்திருந்தும் அடுத்த பயணம் தாமதமாகும். விமானிகளின் பணிநேரத்துக்கும் வரம்பு உண்டு. அவ்வரம்பு முடிந்தால் வேறு விமானிகள் வரும்வரை விமானம் பறக்காது.

அவசரம் தந்த பாடம்

1977 மார்ச் 27 அன்று, எசுப்பானியாவுக்குரிய தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில் பனி படர்ந்திருந்தது. வேறு நிலையத்திலிருந்து திருப்பிவிடப்பட்ட பல விமானங்கள் அங்கே நெருக்கமாக நின்றன. பணிநேர வரம்பு நெருங்குவதை எண்ணிய விமானி ஒருவர், புறப்படும் அனுமதி கிடைக்கும் முன்பே விமானத்தை ஓடவிட்டார். அதே ஓடுபாதையில் மற்றொரு விமானம் வந்துகொண்டிருந்ததைப் பனி மறைத்துவிட்டது. இரண்டும் மோதியதில் 583 பேர் உயிரிழந்தனர். அதன்பின் விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையிலான சொற்கள் திட்டவட்டமாக வரையறுக்கப்பட்டன. துணைவிமானியின் ஐயத்துக்கும் தலைமை விமானி செவிசாய்க்க வேண்டும் என்னும் பயிற்சியும் பரவியது. இன்று நாம் காத்திருக்கும் நேரத்துக்குப் பின்னால் இவ்வரலாறு நிற்கிறது.

மலைவழிப் பயணம்

விமானம் தரையிறங்கியதும் வீடு வந்துவிடுவதில்லை. பாலக்காட்டு எல்லையினர்க்குக் கோயம்புத்தூர் விமான நிலையம் அருகிலுள்ளது. இடுக்கி மாவட்டத்திலோ விமான நிலையமும் இல்லை, இருப்புப்பாதையும் இல்லை. கொச்சியிலோ மதுரையிலோ இறங்கி மலையேற வேண்டும். மதுரை வழியாக மூணாற்றுக்கு வருவோர், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். பகலில் வர வேண்டியவர் தாமதத்தால் இரவில் இறங்கினால், அவ்வளவுகளை இருளிலும் மூடுபனியிலும் கடக்க நேரும். விமானிக்குப் பொருந்தும் விதி இங்கு ஓட்டுநருக்கும் பொருந்தும். வழி தெரியாதபோது அடிவாரத்தில் தங்கி, காலையில் ஏறுவதே அறிவுடைமை.

பயணிகள் அறிய வேண்டியவை

• வெயில் ஏறினால் பெரும்பாலும் பனி விலகும். ஆதலால் குளிர்காலத்தில் வட நகரங்களிலிருந்து வருவோர், விடியற்காலை விமானத்தைவிட நண்பகல் விமானத்தைத் தேர்வது நன்று.
• திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ வருவோர், ஒரு நாள் முன்னதாகப் புறப்படுதல் நலம்.
• வானிலையால் நேரும் தாமதத்துக்கு விமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் விமானம் நீக்கப்பட்டால், மாற்று விமானத்தையோ கட்டணத்தையோ பயணி கேட்டுப் பெறலாம்.
• வீட்டார்க்கு உண்மை நிலையைத் தெரிவிக்க வேண்டும். 'சீக்கிரம் வா' என வீட்டார் வற்புறுத்துதல் கூடாது.

பொங்கற்பானை பொங்கும் நேரத்துக்கு ஒருவர் வந்து சேராமற்போவது வருத்தமே. எனினும், மறுநாள் மாட்டுப் பொங்கலன்று அவர் நலமாக வந்து வாசலில் நிற்பாராயின், அவ்வீட்டுக்கு அன்றும் திருநாளே.

சொற்பொருள்

வடமாநிலம் – வடக்கிலுள்ள மாநிலம்
பார்வைத்தொலைவு – கண்ணுக்குத் தெரியும் தொலைவு
இருப்புப்பாதை – இரயில் பாதை
வரம்பு – எல்லை

சிந்தித்து விடை எழுதுக

1. பாலக்காட்டுக் கணவாயில் பனிமூட்டம் நிலைப்பதில்லை. ஏன்?
2. கோயம்புத்தூரில் வானம் தெளிந்திருந்தும் விமானம் தாமதமாவதற்கான காரணங்கள் இரண்டினை எழுதுக.
3. பனியால் விமானம் தாமதமாகிக் காத்திருக்கும் உன் அண்ணனுக்கு ஆறுதல் கூறி ஒரு கடிதம் எழுதுக.