ஐந்தாம் வேற்றுமையும் பொருளியல் கூற்றுகளும்

பொருளியலைப் பற்றிப் பொதுமக்களிடையே வழங்கும் கூற்றுகள் பல. அவற்றுள் மூன்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 'மீன்பிடிக் கிராமமாக இருந்த சிங்கப்பூர் ஒரே தலைமுறையில் மாநகரமாயிற்று' என்பது முதலாவது. 'பணவீக்கம் குறைந்துவிட்டது, எனவே விலைவாசியும் குறைந்துவிட்டது' என்பது இரண்டாவது. 'பொருள் சேவை வரி உயர்ந்ததால்தான் எல்லாப் பொருள்களும் விலையேறிவிட்டன' என்பது மூன்றாவது. மாணவர் கட்டுரைகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் காப்பிக்கடை மேசைகளிலும் இம்மூன்றையும் நாம் கேட்டு வருகிறோம்.

இவற்றைச் சரிபார்ப்பது பொருளியலாளர் வேலை அன்றோ, இதில் மொழியியலாருக்கு என்ன பணி என்று சிலர் வினவலாம். எண்களைத் திரட்டுவது பொருளியலாளர் பணியே. ஆனால் எந்த எண்ணைத் தேட வேண்டும் என்பதை வாக்கியமே சொல்லியாக வேண்டும். வாக்கியத்தின் பொருள் தெளிவாக இல்லையென்றால், சரியான சான்று கையில் இருந்தும் பயனில்லை. தமிழாசிரியரும் தமிழ் மாணவரும் இங்கேதான் உதவ முடியும். அதற்கான கருவி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது.

ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களை நன்னூல் கூறுகிறது. 'மரத்தின் வீழ்ந்த கனி' என்பதில் நீங்கலும், 'தேனின் இனிது மொழி' என்பதில் ஒப்பும், 'சிங்கப்பூரின் வடக்கே ஜொகூர்' என்பதில் எல்லையும், 'உழைப்பின் உயர்ந்தான்' என்பதில் ஏதுவும் அமைந்துள்ளன. இக்காலத் தமிழில் 'இருந்து', 'விட', 'காட்டிலும்', 'ஆல்' முதலியவை இப்பணிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏற்றம், இறக்கம், வளர்ச்சி, வீழ்ச்சி என்று பேசும் எந்தக் கூற்றும் இந்நான்கையும் வெளிப்படையாகவோ மறைவாகவோ தாங்கி நிற்கிறது. எதிலிருந்து? எதைவிட? எந்த எல்லைக்குள்? எதனால்? இந்நான்கு வினாக்களையும் மேற்கண்ட கூற்றுகளிடம் கேட்டுப் பார்ப்போம்.

நீங்கல்: எதிலிருந்து?

'மீன்பிடிக் கிராமத்திலிருந்து' என்னும் தொடர் ஒரு தொடக்கப் புள்ளியைக் குறிக்கிறது. அத்தொடக்கம் எந்த ஆண்டு? 'ஒரே தலைமுறையில்' என்று சொல்வதால், 1965-ஐத்தான் பேசுவோர் கருதுகின்றனர் எனலாம். அவ்வாண்டின் சான்றுகள் கிராமத்தைக் காட்டவில்லை. சிங்கப்பூரின் மக்கள் தொகை அப்போது சுமார் 1.9 மில்லியன். உலக வங்கித் தரவின்படி, அக்கால மதிப்பில் தனிநபர் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 500 அமெரிக்க வெள்ளி. அதே ஆண்டில் தென்கொரியாவும் இந்தியாவும் 150 வெள்ளியைக்கூட எட்டவில்லை. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1913-இல், கெப்பல் துறைமுகத்தில் 'கிங்ஸ் டாக்' என்னும் மாபெரும் கப்பல் பழுதுபார்க்கும் துறை திறக்கப்பட்டிருந்தது. 1937-இல் காலாங் விமான நிலையமும் வந்துவிட்டது.

தமிழ்ச் சான்றும் ஒன்று உண்டு. 1887-இல் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழ் இங்கு வெளிவரத் தொடங்கியது. ஓர் இதழ் நடக்க வேண்டுமானால் அச்சுக்கூடம் வேண்டும். சந்தா செலுத்தும் வணிகர் வேண்டும். படிக்கத் தெரிந்த சமூகம் வேண்டும். மீன்பிடிக் கிராமத்தில் இவை கூடிவருவது அரிது.

அப்படியானால் அந்தக் கிராமம் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷார் 1819-இல் வந்திறங்கியபோது இருந்த சிறு குடியிருப்பின் படிமம், 146 ஆண்டுகளைத் தாண்டி 1965-இன்மேல் ஒட்டவைக்கப்பட்டுள்ளது. 1824-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே இங்கு 10,683 பேர் இருந்தனர்.

இதனால் 1965-இன் இடர்கள் பொய்யாகிவிடா. வேலையின்மை இருந்தது, நெரிசலான குடிசைப் பகுதிகள் இருந்தன. 1961-இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ சுமார் 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. பின்னர் கண்ட வளர்ச்சியும் வியக்கத்தக்கதே. ஆனால் தொடக்கப் புள்ளியைத் தவறாக வைத்தால், இடையில் நிகழ்ந்த ஒன்றரை நூற்றாண்டு வணிகமும், துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர் உள்ளிட்ட உழைப்பாளர்களின் பங்கும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. நம் மாணவர்களின் முன்னோர் பலர் அந்தக் கணக்கில் இருப்பவர்கள்.

ஒப்பு: எதைவிட?

இரண்டாம் கூற்றுக்கு வருவோம். சிங்கப்பூரில் அனைத்துப் பொருள்களையும் உள்ளடக்கிய பயனீட்டாளர் விலைக் குறியீட்டின்படி, பணவீக்கம் 2022-இல் 6.1 விழுக்காடு, 2023-இல் 4.8 விழுக்காடு, 2024-இல் 2.4 விழுக்காடு. எண் ஆண்டுதோறும் இறங்குகிறது. ஆகவே விலையும் இறங்கியது என்று பலர் முடிவு செய்கின்றனர்.

ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் 'முந்திய ஆண்டைவிட' என்னும் ஒப்பு மறைந்து நிற்கிறது. அதை வெளியே கொண்டுவந்து கணக்கிடுவோம். 2021-இல் ஒரு கூடைப் பொருள்கள் 100 வெள்ளி என்க. 2022-இல் அது 106 வெள்ளி 10 காசு. அதன்மேல் 4.8 விழுக்காடு கூடி, 2023-இல் ஏறத்தாழ 111 வெள்ளி 20 காசு. அதன்மேல் மேலும் 2.4 விழுக்காடு கூடி, 2024-இல் ஏறத்தாழ 113 வெள்ளி 90 காசு. பணவீக்கம் குறைந்த ஆண்டுகளிலும் கூடையின் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஏற்றத்தின் வேகம்தான் தணிந்தது. விலைகள் சராசரியாக உண்மையிலேயே குறைய வேண்டுமானால் அந்த எண் சுழியத்துக்கும் கீழே செல்ல வேண்டும். 2020-இல் அவ்வாறு நேர்ந்தது. அவ்வாண்டு அது கழித்தல் 0.2 விழுக்காடாக இருந்தது.

இக்குழப்பத்தில் நம் கலைச்சொல்லுக்கும் பங்கு உண்டு. 'வீக்கம்' என்பது உடலோடு தொடர்புடைய சொல். கால் வீங்கி, வீக்கம் குறைந்தால், கால் பழைய அளவுக்குத் திரும்புகிறது. 'பணவீக்கம் குறைந்தது' என்று செய்தியில் கேட்பவர், விலையும் அவ்வாறே பழைய நிலைக்குத் திரும்பியதாக எண்ணுவது இயல்பு. சொல்லைக் கைவிட வேண்டியதில்லை, அது நிலைபெற்றுவிட்டது. ஆனால் வகுப்பறையில் அதை விளக்கும்போது 'விலையேற்றத்தின் வேகம்' என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிடுவது நல்லது.

இது வெறும் சொல் நுணுக்கம் அன்று. 2021-இல் 3,000 வெள்ளி சம்பளம் பெற்ற ஒருவர் 2024-இல் 3,300 வெள்ளி பெறுகிறார் என்று கொள்வோம். பத்து விழுக்காடு உயர்வு. ஆனால் அதே கூடையை வாங்க அவருக்கு ஏறத்தாழ 3,416 வெள்ளி தேவை. பணவீக்கம் குறைந்ததைக் கேட்டு அவர் மகிழ்கிறார். மாதக் கடைசியில் பணம் போதாமல் திகைக்கிறார். அடுத்து அவர் சொல்லும் வாக்கியம், 'புள்ளிவிவரமெல்லாம் பொய்' என்பது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் தாயின் அனுபவமும் புள்ளிவிவரத் துறையின் எண்ணும் இங்கே முரண்படவே இல்லை. இடையில் நின்ற வாக்கியம்தான் இரண்டையும் பகையாக்கியது.

எல்லை: எதற்குள்?

மேற்சொன்ன 6.1 விழுக்காடு ஒரு சராசரி. சராசரிக்கு எல்லை உண்டு. அக்குறியீட்டில் உணவும் போக்குவரத்தும் வீட்டு வாடகையும் அடங்கும். கார் வாங்கும் செலவும் அதில் சேரும். சொந்த வீட்டில் குடியிருப்போர் கையிலிருந்து கொடுக்காத வாடகையும் மதிப்பிட்டுச் சேர்க்கப்படுகிறது. சிங்கப்பூர் நாணய ஆணையம் வெளியிடும் மூலாதாரப் பணவீக்கமோ தங்குமிடச் செலவையும் தனியார் போக்குவரத்தையும் விலக்கிவிடுகிறது. ஆகவே ஒரே மாதத்துக்கு இரண்டு எண்கள் வெளிவருகின்றன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. அளக்கும் எல்லைகள் வேறு.

காரில்லாத, சொந்த வீவக வீட்டில் வாழும் முதியவரின் செலவுக் கூடை வேறு; அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞரின் கூடை வேறு. 'விலைவாசி இவ்வளவு ஏறியது' என்று எழுதும் மாணவர், எந்தக் குறியீட்டின்படி, யாருடைய கூடைக்கு என்பதையும் எழுதினால் அவ்வாக்கியம் சோதிக்கத்தக்கதாகிறது.

ஏது: எதனால்?

மூன்றாம் கூற்று காரணத்தைச் சொல்கிறது. பொருள் சேவை வரி 2023 ஜனவரி முதல் நாளில் 7-இலிருந்து 8 விழுக்காட்டுக்கும், 2024 ஜனவரி முதல் நாளில் 9 விழுக்காட்டுக்கும் உயர்ந்தது. வரிக்கு முன் 10 வெள்ளி விலையுள்ள பொருளை எடுத்துக்கொள்வோம். முன்பு அதற்கு 10 வெள்ளி 70 காசு செலுத்தினோம். 2024-இல் 10 வெள்ளி 90 காசு செலுத்தினோம். நாம் கொடுக்கும் தொகை ஏறத்தாழ 1.9 விழுக்காடு கூடியிருக்கிறது. வரித்தொகையை மட்டும் நோக்கினால் 70 காசு 90 காசாகியிருக்கிறது. அது ஏறத்தாழ 29 விழுக்காடு உயர்வு. வரி வீதமோ 2 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருக்கிறது. மூன்றும் மெய்யே. எதன் விழுக்காடு என்று சொல்லாமல் விட்டால், விவாதிப்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

இனிச் சான்றை நோக்குவோம். மூன்று ஆண்டுகளில் கூடையின் விலை ஏறத்தாழ 13.9 விழுக்காடு கூடியது. வரி உயர்வு கூடையிலுள்ள எல்லாப் பொருள்கள்மீதும் முழுமையாக விழுந்ததாகவே கொண்டாலும், அதன் நேரடிப் பங்கு சுமார் 1.9 விழுக்காடுதான். மேலும் ஏற்றம் மிகுதியாக இருந்த 2022-இல் வரி உயரவே இல்லை. அது 2007 முதல் 7 விழுக்காட்டிலேயே நின்றது. அவ்வாண்டு நேர்ந்தவை வேறு: பெருந்தொற்றினால் தடைபட்ட விநியோகம், உக்ரேன் போருக்குப் பின் உயர்ந்த எரிபொருள், தானிய விலைகள், ஜூன் முதல் நாளில் மலேசியா நடப்புக்குக் கொண்டுவந்த கோழி ஏற்றுமதித் தடை, வீட்டு வாடகை, கார் விலை ஆகியவற்றின் உயர்வு.

வரி உயர்வு சுமையாக இல்லை என்று இதனால் பெறப்படாது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு 20 காசும் காசுதான். வரியைக் காரணமாகக் காட்டி, ஒரு கோப்பைக் காப்பியின் விலையை வரிக்குரிய அளவைவிடக் கூடுதலாக ஏற்றிய கடை இருந்தால், அதைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் 'ஆல்' என்னும் உருபோடு 'தான்' என்னும் தேற்றச்சொல் சேரும்போது, மற்ற காரணங்கள் யாவும் மறுக்கப்படுகின்றன. 'வரி உயர்ந்ததாலும்' என்பதைச் சான்று தாங்கும். 'வரி உயர்ந்ததால்தான்' என்பதைத் தாங்காது. இரண்டுக்கும் இடையே உள்ளது ஓர் இடைச்சொல் வேறுபாடு.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இதற்கெனத் தனிப்பாடம் நடத்த வேண்டியதில்லை. வேற்றுமை கற்பிக்கும் நாளில் நாளேட்டின் பொருளியல் செய்தி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுசென்றால் போதும். அச்செய்தியில் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகிய நான்கும் எங்கெங்கே உள்ளன, எவை சொல்லப்படாமல் விடப்பட்டுள்ளன என்று மாணவர்கள் குறிக்கட்டும். விடுபட்டதை நிரப்புவதற்குரிய எண்ணைப் புள்ளிவிவரத் துறையின் வெளியீடுகளில் தேடட்டும். பின்னர் அவ்வாக்கியத்தைத் திருத்தி எழுதட்டும்.

நாம் எடுத்துக்கொண்ட மூன்று கூற்றுகளும் அவ்வாறு திருந்தினால் இப்படி அமையலாம். '1965-இல் ஏற்கெனவே வட்டாரத்தின் பெரிய துறைமுக நகரமாக இருந்த சிங்கப்பூர், வேலையின்மையையும் வீட்டுப் பற்றாக்குறையையும் கடந்து செல்வ நாடாயிற்று.' '2024-இல் விலைகள் முந்திய ஆண்டைவிடச் சராசரியாக 2.4 விழுக்காடு ஏறின; அதற்கு முந்திய ஆண்டின் ஏற்றத்தை நோக்க இது மெதுவானது.' 'பொருள் சேவை வரி உயர்வு 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் விலையேற்றத்துக்கு ஒரு காரணம். பெரும்பகுதி பிற காரணங்களால் நேர்ந்தது.'

இவ்வாக்கியங்களில் மேடைக் கைத்தட்டலுக்கான வேகம் குறைவுதான். ஆனால் இவற்றை எவர் வேண்டுமானாலும் எண்ணோடு ஒப்பிட்டு, சரியா பிழையா என்று சொல்லிவிடலாம். மாணவர் எழுதும் பொருளியல் வாக்கியத்தில் நாம் முதலில் எதிர்பார்க்க வேண்டிய தகுதி அதுவே.