ஒரே ஊசியில் நிலைத்த காப்பு

தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி முதலியவற்றைத் தடுக்க, நம் நாட்டில் குழந்தைகளுக்கு 6, 10, 14 ஆம் வாரங்களில் தடுப்பூசி போடப்படுவதை நாம் அறிவோம். மூன்று முறை ஏன்? முதல் ஊசி உடலின் காவல் அணுக்களுக்கு நோயின் அடையாளத்தைக் காட்டுகிறது. அடுத்தவை அந்நினைவை வேரூன்றச் செய்கின்றன. இடையில் நின்றுவிடும் குழந்தைக்குக் கிடைப்பது அரைகுறைக் காப்பே.

இக்குறையை நீக்க அறிவியலார் கண்ட வழிகள் இரண்டினைச் சுருங்கக் காண்போம்.

முதலாவது துணையூக்கி. படிகாரம் சேர்த்த தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்து கூடுதல் எதிர்ப்பாற்றல் தருவதை இங்கிலாந்தின் கிளென்னி 1926 இல் வெளியிட்டார். மேற்கூறிய ஊசிகளில் இன்றும் அலுமினிய உப்பு இடம்பெறுகிறது. அது காவல் அணுக்களை விழிப்படையச் செய்கிறது.

இரண்டாவது, மருந்தைச் சிறுகச் சிறுக வெளியிடும் நுண்ணுருண்டைகள். லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாலான இவற்றின் பாலிமர், அறுவை மருத்துவத்தில் தானே கரையும் தையல் நூலுக்கும் பயன்படுவதாகும். உடலின் ஈரத்தால் அது மெல்லச் சிதைய, அடுத்த தவணைகள் உள்ளிருந்தே வெளிப்படும்.

எனினும், சிதைவில் தோன்றும் அமிலமும் உடல்வெப்பமும் மருந்திலுள்ள புரதத்தின் உருவைக் குலைத்துவிடுகின்றன. 1990களில் உலக சுகாதார நிறுவனம் இரண ஜன்னித் தடுப்பு மருந்தைக் கொண்டு ஊக்குவித்த இம்முயற்சி, இன்னும் மக்கள் பயன்பாட்டை எட்டவில்லை.

அது கைகூடும்வரை, குழந்தையைத் தவணை தவறாது அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்முடையதே. எல்லாத் தவணைகளையும் போட்ட பின்னரே நம் கடமை நிறைவுறும்.