பட்டறையில் ஓடும், மழையில் நிற்கும்

கொட்டும் மழையில் போய்க்கொண்டிருக்கும்போது வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடுகிறது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் மறுபடி ஓடத் தொடங்குகிறது. மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. “நல்லாத்தானே சார் ஓடுது” என்கிறார் மெக்கானிக். பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் பலருக்கும் பழகிப்போன தலைவலி இது.

அடியோடு எரிந்துபோன மோட்டாரைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் பழுதுதான் பணத்தைத் தின்னும். முதலில் மோட்டாரை மாற்றுவார்கள், பிறகு ஸ்விட்சை, அதன் பிறகு ரிலேவை. அடுத்த மழையில் பழுது திரும்பவும் வந்து நிற்கும். ஊகத்தில் பாகம் மாற்றுவதால் வரும் நஷ்டம் இது. வந்து போகும் பழுதுக்கு வந்து போகும் காரணம் ஒன்று உண்டு: வெப்பம், அதிர்வு, ஈரம், சுமை. இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இடைவெளி விட்டுத் துடைக்கும் மூளை

பழுதைத் தேடும் முன், வைப்பர் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவோம். 1903-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்தபடியே கையால் இயக்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பல ஆண்டுகள் அங்கே ஓடிய வண்டிகளில், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடமே வைப்பரை இயக்கியது. மேட்டில் ஏற ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வெற்றிடம் குறையும், வைப்பர் சோர்ந்துபோகும். மின்மோட்டார் வந்து அந்தக் குறையைப் போக்கியது. ஆனாலும் தூறலில் ஓயாமல் ஓடும் வைப்பர், காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டுக்கொண்டு தேய்ந்தது.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த பொறியாளர் ராபர்ட் கேர்ன்ஸ். விபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வை பாதிக்கப்பட்டவர் அவர். கண்ணிமை ஓயாமல் அசைவதில்லை, தேவைக்குச் சிமிட்டிவிட்டு ஓய்கிறது. வைப்பரும் ஏன் அப்படி இருக்கக் கூடாது என்று யோசித்தார். 1964-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1967-ல் கிடைத்தது. தன் கண்டுபிடிப்பை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஃபோர்டு, கிரைஸ்லர் நிறுவனங்களோடு பல ஆண்டுகள் வழக்காடி இழப்பீடும் பெற்றார்.

அவருடைய மின்சுற்றின் அடிப்படை மிக எளியது. ஒரு மின்தடை வழியாக ஒரு மின்தேக்கி மெதுவாக நிரம்புகிறது. குறிப்பிட்ட அளவு நிரம்பியதும் டிரான்சிஸ்டர் விழித்து மோட்டாரை ஒரு முறை ஓடவிடுகிறது. 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியோடு 50 கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்தால் கிடைக்கும் கால அளவு 5 விநாடி. ஸ்டியரிங் பக்கத்துக் குமிழைத் திருப்பும்போது நாம் மாற்றுவது அந்த மின்தடையைத்தான். மின்தேக்கி காய்ந்துபோனாலோ, குமிழின் உள்தடம் தேய்ந்தாலோ இடைவெளி தாறுமாறாகும்.

நகக்கண் அளவு இடத்தில் ஒரு விரிசல்

1990-களில் வந்த ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப் வண்டிகள் வந்து போகும் வைப்பர் பழுதுக்குப் பேர்போனவை. அவற்றில் இடைவெளியைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் போர்டு, வைப்பர் மோட்டாரின் மூடிக்கு உள்ளேயே இருக்கிறது. இடம் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர். இன்ஜின் சூடும் அதிர்வும் ஆண்டுக்கணக்கில் அந்தப் போர்டைத் தாக்குகின்றன.

மூடியைக் கழற்றி, கனெக்டரின் பின்கள் போர்டில் இறங்கும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நல்ல சாலிடர் பளபளப்பாக, பின்னைச் சுற்றிச் சரிந்து ஏறியிருக்கும். கெட்டுப்போனதில், பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அந்த வளையம்தான் விரிசல். பின்னை லேசாக அசைத்தால், சாலிடர் நகராமல் பின் மட்டும் நகரும்.

ஏன் விரிகிறது? செம்பும் சாலிடரும் போர்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஒவ்வொரு முறை இன்ஜின் சூடாகி ஆறும்போதும் சாலிடர் இழுபட்டுச் சுருங்குகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிவதுபோல, கடைசியில் அதுவும் விடுகிறது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பழைய சாலிடர் உருகும் வெப்பநிலை 183 டிகிரி செல்சியஸ், அதாவது சுமார் 456 கெல்வின். நம் அறை வெப்பநிலையோ 300 கெல்வின். சும்மா கிடக்கும்போதே சாலிடர் தன் உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தில் இருக்கிறது. இரும்பை ஏறக்குறைய 920 டிகிரி சூட்டில் வைத்துப் பாரம் தாங்கச் சொல்வதற்கு ஒப்பானது இது. அது தளர்வதில் வியப்பில்லை.

விரிசலின் இரு பக்கமும் ஒன்றையொன்று தொட்டால் வைப்பர் ஓடும், விலகினால் நிற்கும். பள்ளத்தில் இறங்கியதும் உயிர் வருவதன் ரகசியம் இதுதான்.

மீட்டர் காட்டும் 12 வோல்ட்டை நம்பலாமா?

மோட்டாருக்கு வரும் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறோம். 12 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வருகிறது, அப்படியானால் மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறோம். பல நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போவது இப்படித்தான்.

டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதன் வழியே பாயும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியரைச் சற்றே தாண்டும். வழியில் 1,000 ஓம் தடையுள்ள மோசமான இணைப்பு இருந்தாலும், மீட்டரில் இழப்பு ஏறத்தாழ ஒரு மில்லி வோல்ட்தான். மீட்டர் 12 வோல்ட்டே காட்டும். ஆனால் அதே வழியில் வைப்பர் மோட்டார் 5 ஆம்பியர் இழுக்கும்போது, வெறும் அரை ஓம் தடைகூட இரண்டரை வோல்ட்டை விழுங்கிவிடும். பன்னிரண்டரை வாட் வெப்பத்தில் அந்த இணைப்பு கருகவும் தொடங்கும்.

எனவே எல்லாம் மாட்டியிருக்க, வைப்பர் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை மோட்டார் உடலிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிக் கட்டுங்கள். பல வண்டிகளில் மோட்டார் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதால், எர்த்துக்கென்று தனியாக வரும் வயரையோ பட்டையையோதான் அது நம்பியிருக்கிறது. மீட்டர் இல்லையென்றால், கரண்ட் வருகிறதா என்று மட்டும் பார்க்க, பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் உதவும். பல்பு தானும் கொஞ்சம் கரண்ட் இழுப்பதால் அவ்வளவு எளிதில் ஏமாறாது.

அறிகுறி சொல்லும் இடம்

மெது வேகமும் அதிவேகமும் சரியாக ஓடி, இடைவெளி வேகம் மட்டும் தகராறு செய்தால் மோட்டாரை மாற்ற வேண்டாம். குமிழிலோ சர்க்யூட் போர்டிலோதான் கோளாறு.

ஸ்விட்சை அணைத்ததும் வைப்பர் கீழே போய்ப் படுக்காமல் நடுவில் நின்றால், பார்க் ஸ்விட்சைப் பாருங்கள். நாம் அணைத்த பிறகும் மோட்டாரை அதன் இருப்பிடம் வரை ஓட்டிச் செல்வது அதுதான்.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, கை அசையவில்லை என்றால், மோட்டாரையும் வைப்பர் கையையும் இணைக்கும் கம்பிகளான லிங்கேஜின் புஷ் கழன்றிருக்கும், அல்லது வைப்பர் கையின் பற்கள் தேய்ந்திருக்கும்.

மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் ஓடுகிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது மேலே சொன்ன சாலிடர் விரிசல்.

கொஞ்ச நேரம் ஓடி, நின்று, சில நிமிடங்களில் தானாகவே திரும்ப ஓடுகிறதா? பழைய அமெரிக்கப் பிக்கப்கள் சிலவற்றில் பியூஸுக்குப் பதிலாக, சூடானால் துண்டித்து ஆறினால் சேரும் பிரேக்கர் உண்டு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. துருப்பிடித்த லிங்கேஜ் மோட்டாரை இழுத்துப் பிடிக்கிறது. வைப்பர் கைகளைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிட்டு, லிங்கேஜைக் கையால் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழுதை வரவழையுங்கள்

ஒளிந்துகொள்ளும் பழுதைப் பட்டறையிலேயே வெளியே கொண்டுவர முடியும். வைப்பரை ஓடவிட்டு, கனெக்டர்களை ஒவ்வொன்றாக அசையுங்கள். போர்டு இருக்கும் இடத்தில் முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றுங்கள், பிறகு ஆறவிடுங்கள். கண்ணாடியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது முக்கியம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் நின்றது என்று தெரியாது. லிங்கேஜுக்குள் கைவிடும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். திடீரென ஓடத் தொடங்கும் கம்பிகள் விரலை நசுக்கிவிடும்.

விரிசல்தான் காரணம் என்றால், பழைய சாலிடரை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் தடவி, புதிதாகப் பற்றவையுங்கள். பழையதன் மேலேயே பூசினால் சில மாதங்களில் மறுபடி விடும்.

நம் ஊர்ச் சரக்கு வண்டிகளின் வைப்பருக்கும் எர்த், பிரஷ், லிங்கேஜ் எல்லாம் உண்டு. இதே சோதனைகள் அங்கும் செல்லும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வைப்பரைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். கோளாறு தெரிந்தால், “புது மோட்டார் போடுங்கள்” என்று சொல்வதற்கு முன், “ஓடும்போது எர்த்தில் எத்தனை வோல்ட் காட்டுகிறது?” என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.