கரைக்கு வராத உளவியல்

2004 டிசம்பர் 26 காலையில் காரைக்கால் மாவட்டத்தின் மீனவ ஊர்களுக்குள் கடல் புகுந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று கரையோரம் முழுதும் சாவு விழுந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அன்று இறந்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியைச் சேர்ந்தவர்கள். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். முதலில் சோறும் துணியும் வந்தன, பிறகு படகும் வலையும், அதன்பின் வீடும் வந்தன. இவற்றோடு இந்தக் கரை அதுவரை அதிகம் அறிந்திராத ஒன்றும் வந்தது. மனத்துக்கு ஆறுதல் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள், கவுன்சலிங் குழுக்கள், கேள்வித்தாளோடு வந்த ஆய்வாளர்கள் என்று உளவியல் முதன்முறையாகப் பெரிய அளவில் மீனவர் தெருக்களுக்குள் நுழைந்தது. அது வந்தது நல்லதுதான். ஆனால் அவ்வளவு அவசரமாக, அவ்வளவு தொலைவிலிருந்து ஏன் வரவேண்டியிருந்தது என்ற கேள்வி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரம். அங்கே 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதன் உளவியல் துறையும் இருக்கின்றன. இன்று புதுவைப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இயங்குகிறது. அப்பல்கலைக்கழகத்துக்குக் காரைக்காலிலேயே ஒரு வளாகம் உண்டு. அக்கம்பக்கத்தில் துறைகள் இருந்தும் காரைக்கால்மேட்டு மக்களின் மனத்தைப் பற்றி நாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த அறிவு மிகக் குறைவு.

உளவியல் இந்த நாட்டுக்குப் புதிய படிப்பு அன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-லும், மைசூரில் 1924-லும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஜி.டி. போவாஸ் தலைமையிலும் உளவியல் துறைகள் தொடங்கின. நூறாண்டு கடந்த ஒரு துறையின் ஆசிரியர் இன்று என்ன செய்கிறார் என்று பார்த்தால் சிக்கல் புரியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும். அதற்குமேல் தேர்வு, விடைத்தாள், சேர்க்கை, தர மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகள் எல்லாம் உண்டு. பதவி உயர்வுக்கு வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கை பார்க்கப்படுகிறது. முனைவர் பட்ட மாணவரும் குறித்த காலத்துக்குள் ஆய்வை முடிக்க வேண்டும். இந்த நெருக்கடியில் ஆய்வுக்குக் கைக்கெட்டுபவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள்தாம். வேறு நாட்டில் உருவான ஒரு கேள்வித்தாளை அவர்களிடம் கொடுத்து, வந்த எண்களைக் கணினியில் இட்டு, இரண்டு குணங்களுக்கு இடையே தொடர்பு உண்டா என்று பார்த்துக் கட்டுரை எழுதிவிட முடிகிறது. இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயம் ஆகாது. எந்த வேலையை நிறுவனம் மதிக்கிறதோ அந்த வேலையையே மனிதர்கள் செய்வார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய குறையும் அன்று. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2008-ல் முன்னணி உளவியல் இதழ்களை ஆராய்ந்தபோது, அவற்றில் வந்த ஆய்வுகளுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று கண்டார். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 விழுக்காடுதான். 2010-ல் ஜோசப் ஹென்ரிச்சும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு படி மேலே போனார்கள். கண்ணால் நீளத்தை மதிப்பிடுவது, பங்கு பிரிப்பதில் எது நியாயம் என்று முடிவெடுப்பது போன்ற அடிப்படைச் செயல்களில்கூட சமூகத்துக்குச் சமூகம் வேறுபாடு உண்டு என்று சான்றுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அப்படியானால் பாடநூலில் "மனிதன்" என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் உலகத்தில் ஒரு சிறு பகுதியினரைப் பற்றிய செய்திதான். அதை மனப்பாடம் செய்து தேறும் நம் மாணவர், தம் ஊர் மக்களைப் பற்றித் தாம் அறிந்ததைப் பாடத்துக்கு வெளியே வைத்துவிடப் பழகுகிறார்.

இதனால் என்ன நட்டம் என்பதைச் சுனாமி ஆய்வுகளே சொல்கின்றன. நாகப்பட்டினம் பகுதிக் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு இருந்ததாகச் சொன்னது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, தமிழகக் கடற்கரையின் ஒரு மீனவ ஊரில் பெரியவர்களிடம் அது ஏறத்தாழ 13 விழுக்காடு என்றது. அந்தமானில் வீடிழந்து இடம்பெயர்ந்தவர்களைப் பார்த்த மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட கணக்கில், எல்லா மனநோய்களையும் சேர்த்தும் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். அடித்தது ஒரே சுனாமி. வயது, கேட்ட காலம், கேட்ட முறை, பயன்படுத்திய அளவுகோல், யாரை நோயாளி என்று கணக்கில் எடுப்பது ஆகிய எல்லாமே வேறு என்பதால் எண்கள் வேறாயின. ஆய்வாளர்கள் தவறு செய்தார்கள் என்பது இதன் பொருள் ஆகாது. சுனாமிக்கு முன் அந்த மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கான பதிவு இருந்திருந்தால் இந்த எண்களை அதனோடு ஒப்பிட்டிருக்கலாம். எந்தத் துயரம் இழவு வீட்டின் இயல்பான துயரம், எந்தத் துயரத்துக்குச் சிகிச்சை வேண்டும் என்று பிரித்திருக்கலாம். அந்த அடிக்கணக்கை எடுத்து வைத்திருக்கக் கூடியது அருகில் நிலையாக இருக்கும் பல்கலைக்கழகத் துறை ஒன்றுதான்.

தவறான கணிப்பு தவறான உதவியாக மாறவும் கூடும். பேரிடருக்குப் பின் உடனடியாக ஒருவரை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லச் செய்தால் மனநோயைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது உலகெங்கும் பரவியிருந்தது. அந்த முறையால் நோய் தடுக்கப்படவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருக்கலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2002-லேயே எச்சரித்திருந்தது. சுனாமி நாட்களில் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர், வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் தப்பிப் பிழைத்தோரை மனநோயாளிகளாக நடத்த வேண்டாம் என்று பகிரங்கமாகவே கேட்டுக்கொண்டார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உளமருத்துவத் துறையைச் சேர்ந்த ராஜ்குமார், பிரேம்குமார், தரியன் ஆகியோர் வேறு வழியில் போனார்கள். அலை அடித்து ஒன்பது மாதம் கழித்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மக்களைக் குழுவாக அமர்த்திப் பேசச் செய்து கேட்டார்கள். 2008-ல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, முறைப்படியான மனநல சேவையைவிடத் தங்கள் சொந்த உறுதியையும் ஊரின் துணையையும் இறை நம்பிக்கையையுமே அந்த மக்கள் பெரிதாக மதித்தார்கள். உதவி என்பது ஊரில் ஏற்கெனவே இருக்கும் இந்தத் தாங்கும் வழிகளை வலுப்படுத்துவதாக அமைய வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரும் சுனாமியும் கண்ட வட இலங்கையை ஆராய்ந்து, தனி ஆளின் மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊருமே காயப்படுகின்றன என்று எழுதினார். இவ்வளவு கூர்மையாகக் கேட்ட இந்த இரண்டு முயற்சிகளும் உளமருத்துவத்திலிருந்து வந்தவை. உளவியல் துறைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

துறைகள் தம் அருகிலுள்ள ஊர்களையே நெடுங்காலம் ஆராய வேண்டும் என்றால் சில மறுப்புகள் எழும். உள்ளூரை ஆராய்ந்தால் உள்ளூர் அறிவுதான் கிடைக்கும், உலக அறிவியலுக்கு அதனால் என்ன பயன் என்பது முதல் மறுப்பு. இந்தியாவின் சொந்த வரலாறே இதற்கு விடை சொல்கிறது. 1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத பகுதிகளில் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் சேகரித்து 1935-ல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளியிட்டார். இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்பவையே அவற்றில் மிகுதி. 1950-ல் டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பின், உண்மையிலேயே சேதம் கண்ட மக்களிடையே துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்து 1952-ல் எழுதினார். அங்கே அத்தகைய வதந்திகள் எழவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துத்தான் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் தம் புகழ்பெற்ற அறிவு முரண் கோட்பாட்டை விளக்கினார்: அஞ்சுவதற்குக் காரணம் காணாமலே அஞ்சிக்கொண்டிருப்பவர்கள், தம் அச்சத்துக்குப் பொருந்தும் காரணத்தைத் தேடிக்கொள்கிறார்கள். உலகெங்கும் உளவியல் மாணவர்கள் படிக்கும் ஒரு கோட்பாட்டுக்கு இந்திய ஆய்வாளர்கள் நம் பேரிடர்களில் திரட்டிய சான்று துணை நின்றிருக்கிறது. 2004 டிசம்பர் 30 அன்று மத்திய அரசு விடுத்த தவறான சுனாமி எச்சரிக்கையைக் கேட்டுக் கடலோர மக்கள் மீண்டும் சிதறி ஓடினார்கள். வீட்டை இழந்தவர்களிடமும் இழக்காதவர்களிடமும் அந்த ஓட்டம் எப்படி வேறுபட்டது என்று கேட்க, பிரசாத்தின் வழியில் வந்த ஒரு துறை கரையில் இருந்திருந்தால் உலகமே அந்த விடையைப் படித்திருக்கும்.

ஊர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்று சொல்லி மக்களைக் கைவிடுவதில் போய் ஊரின் தாங்கும் வழிகளை மதிக்கும் இந்த அணுகுமுறை முடியாதா என்பது இரண்டாவது மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்படுவோரில் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினருக்கு அது கிடைக்கவில்லை என்று காட்டியது. மீனவ ஊர்களின் பஞ்சாயத்து பேரிடர் நாளில் நிவாரணத்தைப் பகிர்ந்தளித்துக் கட்டுக்கோப்பைக் காத்தது உண்மை. அந்தப் பஞ்சாயத்தில் காலங்காலமாகப் பெண்களுக்கு இடமில்லை என்பதும் உண்மை. ஊரின் வலிமையைப் போற்றும் ஆய்வாளர், அந்த வலிமை யாரைத் தாங்குகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் கேட்கக் கடமைப்பட்டவர். கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மீன்கூடை சுமக்கும் பெண், வந்துபோகும் ஆய்வாளரிடம் மனம் திறக்கமாட்டார். பல ஆண்டுகளாகத் தெரிந்தவரிடமே பேசுவார். ஆகவே நெடுங்கால உறவு என்பது கனிவு மட்டுமல்ல. சரியான தகவலுக்கு வேறு வழி கிடையாது.

மூன்றாவது மறுப்பு மக்களிடமிருந்து வருவது: எத்தனை முறை எங்களிடம் கேட்பீர்கள், கேட்டதால் எங்களுக்கு என்ன கிடைத்தது? இதில் நியாயம் இருக்கிறது. ஒரே குடும்பத்திடம் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு தாளை நீட்டி, முடிவை வேறொரு நாட்டின் இதழில் ஆங்கிலத்தில் அச்சிட்டுவிட்டுப் போவது கொள்ளைக்கு நிகர். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமையை ஆய்வின் பகுதியாகவே ஆக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி ஊர்க்கூட்டத்தில் வாசித்து, மக்கள் சொல்லும் திருத்தங்களையும் பதிந்த பிறகே கட்டுரை வெளிவர வேண்டும். தமிழில் எழுதினால் தரம் குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மைசூரின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935-ல் தம் வீட்டிலிருந்தே வானொலி நிலையம் தொடங்கி மக்களிடம் பேசினார். அதனால் அவருடைய ஆய்வுக்கூடத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

இதற்கெல்லாம் ஆசிரியருக்கு நேரம் எங்கே என்பது கடைசி மறுப்பு. விடை அதே பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இருக்கிறது. சமூகப்பணி முதுகலை மாணவர்கள் பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குப் போகிறார்கள். அது பாடமாகவே கணக்கிடப்படுகிறது, ஆசிரியரின் மேற்பார்வையும் பணிநேரத்தில் சேர்கிறது. உளவியலுக்கும் அதே ஏற்பாட்டைச் செய்யத் தடை ஏதும் இல்லை. காரைக்கால்மேட்டையோ அதைப் போன்ற ஓர் ஊரையோ ஒரு துறை தன் நிலையான களமாக ஏற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் அதே குடும்பங்களைச் சந்திக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமில்லாத வீட்டில் என்ன நடக்கிறது? இலங்கைக் கடற்படை கைது செய்த மீனவரின் மனைவியும் பிள்ளைகளும் காத்திருக்கும் நாட்களை எப்படிக் கடத்துகிறார்கள்? மது எந்த வீட்டில் துயரத்தின் மருந்தாகிறது, எந்த வீட்டில் புதுத் துயரமாகிறது? சுனாமியில் தாயை இழந்த குழந்தை இன்று தாயாகித் தன் பிள்ளையை எப்படி வளர்க்கிறார்? நினைவு, கற்றல், உணர்ச்சி, குழந்தை வளர்ச்சி, குழுநடத்தை என்று பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகள் அத்தனையும் இந்தக் கேள்விகளுக்குள் அடங்கியிருக்கின்றன.

இந்தக் கரைக்குப் புயலும் வெள்ளமும் மீண்டும் வரும். 2018-ல் கஜா புயல் வந்ததைப் போல எச்சரிக்கையோடும் வரலாம், சுனாமியைப் போல எச்சரிக்கையின்றியும் வரலாம். அன்று ஊர்க்காரர்களின் பெயர் தெரிந்த, அவர்கள் நம்பும், அவர்களுடைய இயல்பான நாட்களின் பதிவைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கேயே இருக்க வேண்டும். அதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. நெடுங்காலக் களஆய்வைப் பதவி உயர்வில் கட்டுரைக்கு இணையாக மதிக்கும் விதியும், களநாளை வகுப்பு நாளாக ஏற்கும் பாடத்திட்டமும் இருந்தால் போதும். இரண்டையும் செய்யும் அதிகாரம் கல்விக்குழுக்களிடமும் மானியக் குழுவிடமும் இருக்கிறது. அடுத்த பேரிடருக்குப் பிறகு அவை கூடிப் பேசுவதால் பயனில்லை. அடிக்கணக்கை எடுக்கும் காலம் இப்போதுதான்.