ரொஜே லாபெபி: கியர் வைத்து வென்றவரின் பெயரில் ஒரு பாதை

பிரான்சின் தென்மேற்கே, போர்டோ நகரை அடுத்த லாத்ரேன் என்னும் ஊரில் தொடங்கி, கரோன், தொர்தோஞ் ஆகிய இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட திராட்சைத் தோட்டங்களின் ஊடே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சென்று, சோவ்தேர் த குயியென் என்னும் பழைய கோட்டை நகரில் முடியும் மிதிவண்டிப் பாதைக்கு ரொஜே லாபெபியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1911இல் பயோன் நகரில் பிறந்து, 1996இல் போர்டோவை ஒட்டிய பெசாக்கில் மறைந்த லாபெபி, பிரான்ஸ் நாட்டையே சுற்றிவரும் பல நாள் பந்தயமான டூர் டி பிரான்ஸை 1937இல் வென்றவர். அவர் தம்பி கீ லாபெபியோ 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்.

அந்த 1937ஆம் ஆண்டு மிதிவண்டிப் பந்தய வரலாற்றில் ஒரு திருப்பமாகும். ஓடும் வண்டியிலேயே சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கியர் அமைப்பு அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தபோதிலும், பந்தயத்தை நிறுவிய ஆன்றி தெக்ரான்ஜ் உடல் வலிமையே வெல்ல வேண்டும் என்ற பிடிவாதத்தால் முன்னணி வீரர்களுக்கு அதை அனுமதிக்கவில்லை. ஆகவே மலையடிவாரத்தை அடைந்த வீரர் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் பெரிய பல்சக்கரம் அமையுமாறு திருப்பி மாட்டிய பிறகே ஏற முடிந்தது. நிர்வாகம் ழாக் கொதேயிடம் வந்த பின் தடை நீங்கியது. கியரைப் பயன்படுத்தி இப்பந்தயத்தை வென்ற முதல் வீரர் லாபெபியே.

வெற்றி எளிதில் கிட்டவில்லை. பைரனீஸ் மலைத்தொடரில் லூஷோனிலிருந்து போவுக்குச் செல்ல வேண்டிய நாளன்று, புறப்படும் முன் அவருடைய வண்டியின் கைப்பிடித் தண்டு இரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவசரமாக மாற்றிய தண்டில் தண்ணீர்ப் புட்டி வைக்கும் தாங்கிகூட இல்லை. தொடக்கத்தில் மிகவும் பின்தங்கியும், நான்கு கணவாய்களைக் கடந்து அவர் அன்று இரண்டாவதாக வந்தார். ஆனால் மலையேற்றத்தில் பார்வையாளர்கள் அவரைத் தள்ளிவிட்டதற்காக 90 விநாடி தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த கட்டத்தில் போர்டோ செல்லும் வழியில், முதலிடத்தில் இருந்த பெல்ஜிய வீரர் சில்வேர் மேஸின் முன் ரயில்வே கேட் மூடப்பட்டது. சக நாட்டவரின் உதவியைப் பெற்றதற்காக அவருக்கும் 15 விநாடி தண்டனை கிடைத்தது. இடைவெளி 25 விநாடியாகச் சுருங்கிய நிலையில், கூட்டத்தின் பகைமையாலும் கொதித்த பெல்ஜிய அணி முழுவதும் பந்தயத்திலிருந்து விலகியது. எனவே இவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. தள்ளிவிடப்பட்டது குற்றமே என்றாலும், அறுபட்ட கைப்பிடியுடன் தொடங்கிய நாளில் அவர் காட்டிய உறுதியை எந்தத் தண்டனைக் கணக்கும் அழித்துவிடாது.

அவர் பெயரிலுள்ள பாதை, கைவிடப்பட்ட ஒரு ரயில் தடத்தின் மீது அமைந்தது. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏற இயலாது என்பதால் அன்றைய பொறியாளர்கள் குன்றுகளைச் சுற்றியும், லா சோவ் ஊரருகே சுரங்கம் குடைந்தும் தடம் போட்டனர். அந்த மென்மையான சரிவே இன்று சிறுவர்களும் முதியவர்களும் மோட்டார் வாகனத் தொல்லையின்றி மிதித்துச் செல்ல உதவுகிறது. அருகில் 1079இல் நிறுவப்பட்ட மடாலயத்தின் இடிபாடுகளும் உள்ளன. போர்டோ செல்பவர்கள் சொந்த வண்டி இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. வழியிலுள்ள கிரெயோன் ஊரின் பழைய ரயில் நிலையத்தில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது.