முகாமில் 'வேண்டாம்' என்ற மாத்திரையை செவிலியர் ஏன் தருகிறார்?

குடற்புழு நீக்க முகாம் அறிவிப்பு உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கும், 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். கூடவே, 'கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் நீங்கலாக' என்று ஒரு வரி. இதைப் படித்தவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலாம் மாதத்துக்குப் பிறகு அதே மாத்திரையைக் கொடுத்தால் குழம்பிவிடுகிறார்கள். "இது புள்ளைக்கு ஆகாதுன்னு போட்டிருந்தாங்களே சிஸ்டர்" என்று தயங்கி, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறவர்கள் உண்டு.

இரண்டுமே சரிதான். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் இந்த மாத்திரை கூடாது. முகாம் வரிசையில் நிற்பவருக்கு எத்தனையாவது மாதம் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது கஷ்டம். அதனால் கர்ப்பிணிகள் எல்லோரையுமே தவிர்க்கிறார்கள். பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் மாதக் கணக்கு தாய் சேய் நல அட்டையில் இருக்கிறது. அதைப் பார்த்து, நான்கு முதல் ஆறாம் மாதத்துக்குள் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஒரே ஒரு தடவை தருகிறார்கள்.

எதற்காக? முக்கியமாக கொக்கிப்புழுவுக்காக. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால், இதன் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ரத்தம், நுரையீரல் என்று சுற்றிக் கடைசியில் சிறுகுடலுக்கு வந்து சேரும். ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் வளரும். ஆனால் குடல் சுவரைக் கவ்விக்கொண்டு வருடக்கணக்கில் ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளிக் கணக்குதான். நூறு புழு இருந்தால்? தினமும் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதையாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் கடுமையானது. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவ ரத்தப்போக்கைத் தாங்க முடியாத நிலை எல்லாம் இதனால் வரக்கூடியவை.

"கர்ப்பத்துல எதிர்ப்பு சக்தியே இருக்காது" என்று சொல்வார்கள். அப்படி இல்லை. குழந்தையின் உடலில் பாதி அப்பாவிடமிருந்து வந்தது. அதை அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருக்க, தாயின் எதிர்ப்பு சக்தி தன் வேலை முறையை மாற்றிக்கொள்கிறது. இந்த மாற்றத்தில் சில தொற்றுகளுக்கு இடம் கிடைக்கிறது. தவிர, கொக்கிப்புழு அம்மை மாதிரி இல்லை. ஒரு தடவை வந்துபோனால் திரும்ப வராது என்று நம்ப முடியாது. போன பிரசவத்தில் மாத்திரை போட்டிருந்தாலும் இந்த முறையும் போட வேண்டும்.

பூனை எச்சம், சரியாக வேகாத கறி வழியாக வரும் டாக்சோபிளாஸ்மா விஷயம் வேறு. முன்பே வந்துபோயிருந்தால், அந்த எதிர்ப்பு சக்தி பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றும். கர்ப்பத்தில் முதன்முறையாக வந்தால்தான் ஆபத்து. பூனையை விரட்ட வேண்டியதில்லை. எச்சத்தை வேறு யாராவது அள்ளட்டும்.

ஒன்றை மட்டும் வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். மண், சாம்பல், செங்கல் தின்ன ஆசையாக இருக்கிறதா? வீட்டில் 'மசக்கை' என்று சிரிப்பார்கள். பல சமயம் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். அந்த மண்ணோடு உருண்டைப்புழு முட்டையும் வயிற்றுக்குள் போகலாம்.

கர்ப்பம் தெரியாமல் முகாமில் மாத்திரை போட்டுவிட்டீர்களா? பதறாதீர்கள், அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆறாம் மாதம் தாண்டியும் மாத்திரை கிடைக்கவில்லை என்றாலும் அவரிடமே கேளுங்கள். நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போட வேண்டாம். அவசரச் சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம். தாய் சேய் நல அட்டையில் பிக்மி எண், ஹீமோகுளோபின் அளவு, மாத்திரை கொடுத்த தேதி இருக்கும் பக்கங்களை இன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால், அங்குள்ள செவிலியர் முதலில் கேட்பது இதைத்தான்.