ஓடி முடித்தவர் பெறும் பதக்கம்

சென்னையிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் பங்காருபாளையத்தை அறிவார்கள். சித்தூரைக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் அவ்வூர் வரும். மாம்பழக் காலத்தில் கிளிமூக்கு மாங்காய் வண்டி வண்டியாக வந்து குவியும் சந்தை அங்கே உண்டு. அதற்கப்பால் மொகிலி மலைவழி; மலையேறினால் பலமநேர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும் வட்டாரம் அது.

அவ்வூரை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. சித்தூருக்கும் பங்காருபாளையத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய ஓர் அரை மாரத்தான். போய்த் திரும்பினால் ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான். பேருந்தில் ஒரு சிறு தூக்கத்துக்குள் கடந்துவிடும் இத்தூரத்தை, அலுவலகத்திலும் கடையிலும் தொழிற்சாலையிலும் நாள் முழுதும் உழைக்கும் மக்கள், ஊதியமோ கட்டாயமோ இன்றி, விடியற்காலையில் எழுந்து ஓடிக் கடக்கிறார்கள். மும்பையில் 2004ஆம் ஆண்டு முதலும், தில்லியில் 2005ஆம் ஆண்டு முதலும், பெங்களூரில் 2008ஆம் ஆண்டு முதலும் நடைபெற்றுவரும் பெரிய ஓட்டங்கள் இப்பழக்கத்தை நம் நாட்டு நகரங்களில் பரப்பின. வேலை தேடி வெளி மாநிலம் சென்ற தமிழர் பலரும் இவற்றில் கலந்துகொள்கின்றனர்.

ஓடி முடித்தவர் செய்யும் முதற்காரியம் என்ன? கழுத்தில் தொங்கும் பதக்கத்தோடு ஒரு படம் எடுத்து, தாம் ஓடிய நேரத்தையும் குறித்து, ஊரில் உள்ள பெற்றோருக்கும் உறவினருக்கும் கைபேசி வழியே அனுப்புவதுதான். உடனே ஊரிலிருந்து வினா வருகிறது: "எத்தனையாவது இடம், தம்பி?" தம்பி விடை சொல்லத் தடுமாறுகிறார். நான்காயிரத்துச் சொச்சமாவது இடம் என்று எப்படிச் சொல்வது? "ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுப்பார்கள், அம்மா" என்கிறார். "எல்லோருக்கும் கொடுப்பதா? அப்படியானால் அதில் என்ன பெருமை?" என்பது அடுத்த வினா. நேர்மையான வினா அது. அதற்கு நேர்மையாக விடை காண முயல்வோம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நடந்த முதல் மாரத்தான் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதில் வென்ற ஸ்பிரிடான் லூயிஸ் தண்ணீர் சுமந்து பிழைத்த கிரேக்கர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்ஸர் கோட்டையிலிருந்து விளையாட்டரங்கம் வரை ஓடியபோது தூரம் 42.195 கிலோமீட்டர் ஆயிற்று. 1921ஆம் ஆண்டில் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதி, 21.0975 கிலோமீட்டர், அரை மாரத்தான்.

இந்த அளவைப் பாதையில் குறிப்பதே ஒரு கலை. அளவு சரிபார்க்கப்பட்ட ஒரு மிதிவண்டியில், சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் கருவியைப் பொருத்தி, ஓட்டக்காரர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியில் அதனை ஓட்டி அளக்கிறார்கள். எங்கேனும் குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைக்கிறார்கள். முழு மாரத்தானுக்கு அது 42 மீட்டர். ஓடுகிறவர் கைக்கடிகாரம் செயற்கைக்கோளின் துணையால் 21.4 கிலோமீட்டர் என்று காட்டினால், "அமைப்பாளர்கள் தூரத்தைக் கூட்டிவிட்டார்கள்" என்று பலர் குறைகூறுவதுண்டு. வளைவுகளில் அவர் விலகி ஓடியதும், கடிகாரக் கணக்கின் சிறு பிழைகளும் சேர்ந்தே பெரும்பாலும் அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

அடுத்தது நேரம். ஓட்டக்காரர் மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்புறம் மெல்லிய சில்லு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதில் பெரும்பாலும் மின்கலம் இராது. தொடக்கக் கோட்டில் விரிக்கப்பட்ட பாயிலிருந்து எழும் வானொலி அலையே அதற்கு உயிரூட்டுகிறது. உயிர்பெற்ற சில்லு தன் எண்ணை அதே அலை வழியாகத் திருப்பிச் சொல்கிறது. வானொலி நேயர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. முடிவுக் கோட்டிலும், வழியில் சில இடங்களிலும் இத்தகைய பாய்கள் உண்டு.

ஆகவே ஒருவருக்கு இரண்டு நேரங்கள் கிடைக்கின்றன. தொடக்க வெடி ஒலித்தது முதல் அவர் முடித்தது வரை ஒன்று. அவரே தொடக்கக் கோட்டைக் கடந்தது முதல் முடித்தது வரை மற்றொன்று. இதனை நிகர நேரம் என்பர். பல்லாயிரவர் கூடும் ஓட்டத்தில் பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டை அடையவே சில நிமிடங்கள் ஆகும். வெடி நேரம் 2 மணி 38 நிமிடம், நிகர நேரம் 2 மணி 30 நிமிடம் என்று ஒருவரின் முடிவில் இருந்தால், எட்டு நிமிடம் அவர் கூட்டத்தில் நின்றிருக்கிறார் என்று பொருள். அந்த நிகர நேரத்தை அரை மாரத்தான் தூரத்தால் வகுத்தால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 நிமிடம் 7 விநாடி. கென்ய நாட்டுக் கெல்வின் கிப்டம் 2023ஆம் ஆண்டு சிகாகோவில் முழு மாரத்தானை 2 மணி 35 விநாடியில் முடித்தபோது, ஒவ்வொரு கிலோமீட்டரையும் சராசரியாக 2 நிமிடம் 51 விநாடியில் கடந்தார்.

நேரத்தை மட்டும் வைத்து ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடுவது முறையாகாது. சித்தூரைவிடப் பலமநேர் 300 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உள்ளது. பங்காருபாளையத்திலிருந்து மொகிலி மலைவழியில் மேற்கே ஏறி ஓடுகிறவரும், அங்கிருந்து கிழக்கே சித்தூருக்கு ஓடுகிறவரும் ஒரே தூரம் ஓடினாலும் ஒரே உழைப்பை உழைத்தவர் ஆகார். சென்னையின் கடற்கரைப் புழுக்கம் ஒன்று. பெங்களூரின் மேட்டுநிலக் குளிர் வேறொன்று. பாதை, பருவம், வயது ஆகியவற்றைச் சொல்லாத நேரம் பாதி உண்மையே.

இனிப் பதக்கத்துக்கு வருவோம். ஓட்டங்களின் வரலாற்றில் மூன்று மனிதரின் கதை அதன் பொருளை நமக்கு விளக்கும்.

முதற்கதை 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் நிகழ்ந்தது. பிரெட் லார்ஸ் என்னும் அமெரிக்கர் மாரத்தானில் களைத்து, ஒரு மோட்டார் வண்டியில் ஏறி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றார். ஏறக்குறைய சித்தூரிலிருந்து பங்காருபாளையம் வரை உள்ள தூரம் அது. பின்பு இறங்கி ஓடி அரங்கினுள் முதலில் நுழைந்தார். மக்கள் ஆரவாரித்தனர். உண்மை வெளிப்பட்டதும் அவர் விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டே பாஸ்டன் மாரத்தானில் நேர்மையாக ஓடி வென்று தம் களங்கத்தைத் துடைத்துக்கொண்டார். இன்று வழியில் விரித்துள்ள பாய்கள் அத்தகையோரைக் காட்டிக்கொடுக்கின்றன. இடையில் ஒரு பாயைத் தாண்டாதவரின் முடிவு ஐயத்துக்கு உள்ளாகும்.

இரண்டாவது கதை தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. 1860ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் வியர்வை சிந்திய நேட்டால் நாட்டில், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921ஆம் ஆண்டு தொடங்கியது காம்ரேட்ஸ் ஓட்டம். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் அதனை ஏற்படுத்தினார். தூரம் 90 கிலோமீட்டர் அளவு. முதலாண்டில் ஓடத் தொடங்கியோர் 34 பேர். முடித்தோர் 16 பேர். குறித்த காலத்துக்குள் முடித்தோர்க்குப் பதக்கம் உண்டு. ஆனால் 1975ஆம் ஆண்டுவரை வெள்ளையர் அல்லாதாரும் பெண்களும் முறைப்படி பங்கேற்க இயலவில்லை. 1923இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்னும் பெண்மணி அனுமதி இன்றியே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் மறுக்கப்பட்டது, உடன் ஓடியவரும் கண்டவரும் பொருள் திரட்டி அவருக்கு வெள்ளிப் பாத்திரங்கள் பரிசளித்தனர். 1935இல் ராபர்ட் ம்ட்சாலி என்னும் கறுப்பினத்தவர் 9 மணி 30 நிமிடத்தில் ஓடி முடித்தார். அவர் பெயர் அதிகாரபூர்வ முடிவில் இடம்பெறவில்லை. 2019ஆம் ஆண்டில், 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையே முடிப்போர்க்கென அவர் பெயரால் ஒரு பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. ஓடிய கால்களுக்கும் எழுதிய ஏட்டுக்கும் இடையே 84 ஆண்டுகள் கடந்திருந்தன.

மூன்றாமவர் நம் நாட்டில் பிறந்து வெளிநாட்டில் குடியேறிய பௌஜா சிங். 89 வயதில், 2000ஆம் ஆண்டு, இலண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடினார். 2011ஆம் ஆண்டு டொரான்டோவில், நூறு வயதினர் என்ற நிலையில், 8 மணி 11 நிமிடத்தில் முழுத் தூரத்தையும் முடித்தார். ஓட்ட அமைப்பாளர்கள் முடிவைப் பதிந்தனர். ஆனால் கின்னஸ் ஏடு அவர் சாதனையை ஏற்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பது காரணம். அவர் பிறந்த காலத்துச் சிற்றூரில் யார் பிறப்பைப் பதிந்தார்கள்? சான்றிதழின்றிப் பிறந்த நம் பாட்டன் பாட்டியரை எண்ணினால் அவர் நிலை நமக்கு விளங்கும்.

லார்ஸ் ஓடாமலே புகழ் பெற்றார். ம்ட்சாலி ஓடியும் பதிவு பெறவில்லை. பௌஜா சிங் பதிவு பெற்றும் ஏடு ஏற்கவில்லை. இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் பதக்கத்தின் பொருள் புலப்படும். "இன்னார், இன்ன நாளில், அளந்த இத்தூரத்தைத் தம் காலால் கடந்தார்" என்று பிறர் நின்று சொல்லும் சாட்சியம் அது. பரிசு ஒருவரைப் பிறரினின்று பிரித்து உயர்த்துகிறது. சாட்சியமோ ஆயிரம் பேருக்கு வழங்கினாலும் மதிப்புக் குறைவதில்லை. பள்ளியிறுதித் தேர்வில் ஊரார் பிள்ளைகள் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்பதற்காக நம் பிள்ளையின் சான்றிதழை யாரும் கிழித்துப் போடுவதில்லை அல்லவா? அம்மாவின் வினாவுக்கு இதுவே விடை.

ஆயினும் இப்பகிர்வில் ஓர் ஆபத்தும் உண்டு. நண்பரின் பதக்கத்தைக் கண்டு, பயிற்சியின்றி, அடுத்த மாதமே நாமும் ஓடுவோம் என்று புறப்படுபவர் உளர். உடல் பதக்கத்தைப் பார்த்துப் பழகுவதில்லை. வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிய தூரத்தாலேயே பழகுகிறது. நெஞ்சுவலி, மயக்கம், குழப்பம் தோன்றினால் நின்றுவிட வேண்டும். வெயிலில் நீர் அருந்தாமை தீங்கு. அளவுமீறி அருந்துவதும் தீங்கே. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் அருந்தியதே முதன்மைக் காரணமாகக் காணப்பட்டது. தாகத்தின் அளவே அருந்துதல் நலம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடிப் பழகுவோர்க்கு மற்றொரு எச்சரிக்கை. நூறு வயதைக் கடந்தும் நடந்த பௌஜா சிங், 2025ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், ஜாலந்தரை அடுத்த தம் ஊரருகே சாலையில் வாகனம் மோதி உயிர்நீத்தார். மாரத்தான் தூரமும் முதுமையும் வெல்ல முடியாத அவரை ஒரு வண்டி வென்றது. பங்காருபாளையம் போன்ற ஊர்களில் லாரிகள் விரையும் சாலையை விட்டு, பள்ளி மைதானத்தையோ தோட்டத்துக் கிளைப்பாதையையோ நாடுவது அறிவுடைமை. சாலையன்றி வேறு வழியில்லையெனில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புற ஓரத்தில், ஒளி பட்டால் மின்னும் பட்டை அணிந்து ஓடுக. காதில் பாட்டு வேண்டா.

வெளி மாநிலத்தில் வாழும் அன்பர்களே! அடுத்த முறை பதக்கப் படத்தை ஊருக்கு அனுப்புகையில், அதனுடன் நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். எவ்வளவு தூரம் என்பதை ஊரார் அறிந்த இரண்டு ஊர்ப்பெயர்களால் சொல்லுங்கள். நிகர நேரத்தைச் சொல்லுங்கள். மேடா பள்ளமா, வெயிலா குளிரா என்பதைச் சொல்லுங்கள். வழியில் தண்ணீர் நீட்டியவரும், உங்கள் பெயர் தெரியாமலே கைதட்டியவரும் என்ன மொழி பேசினார்கள் என்பதையும் சொல்லுங்கள். புதிய ஊர் நம்மை எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதை அறிய ஊரில் இருப்போர் ஏங்கியிருப்பார்கள்.

"சித்தூரிலிருந்து பங்காருபாளையம் வரை ஓடினேன், அம்மா, உடம்புக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு மகன் எழுதினால், அந்தச் சாலையில் ஒருமுறையேனும் பேருந்தில் சென்ற தாய்க்கு எல்லாம் விளங்கிவிடும். எத்தனையாவது இடம் என்று அவள் பிறகு கேட்கமாட்டாள். "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்பாள்.